ஒரு கடை பிந்திய பெயர்

கடைத்தெருவில் அவரை எல்லோரும் "மருந்துக்கடை அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நின்றுகொண்டிருந்ததோ செல்போன் கடையில். மருந்துக் கடையில் நின்ற ஒன்பது வருடமும் அவருக்குப் பெயர் "செருப்புக்கடை அண்ணே". செருப்பு விற்றபோது "ஸ்டுடியோக்காரரே". ஸ்டுடியோவில் விளக்குப் பிடித்தபோது "துணிக்கடைத் தம்பி". ஊர் அவரை எப்போதும் ஒரு கடை பிந்தியே கூப்பிட்டது. இத்தனைக்கும் முப்பத்தேழு வருடத்தில் அவர் நின்ற இடம் மாறவே இல்லை. ஐந்து கடைகளும் ஒரே கட்டிடத்தில், ஒரே ஷட்டருக்குப் பின்னால், ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை.

அந்தக் கட்டிடம் என் சித்தப்பாவுடையது. நான் அதற்கு மேனேஜர். கீழே ஒரு கடை, மேலே ஒரு அறை, இதற்கு மேனேஜர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "சும்மா வீட்ல உக்காந்து கவிதை படிக்கிறதுக்கு, அங்க போய் உக்காந்து படி. கட்டிடத்துக்கு ஆள் இருக்குன்னு பேராவது இருக்கும்" என்றார் சித்தப்பா. என்னைப் பொறுத்தவரை இது நியாயமான நியமனம். மேல் அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, தெருவைப் பார்க்க ஒரு ஜன்னல். அந்தப் பதவியில் நான் இருந்த எட்டு மாதமும் என்னை யாரும் மேனேஜர் என்று கூப்பிடவில்லை. டீக்கடைக்காரர் "காலேஜ் தம்பி" என்பார். கல்லூரி முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

என்னைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கூச்ச சுபாவி. செருப்பு வாங்கப் போனால் காலை நீட்டிப் போட்டுப் பார்க்க வெட்கப்பட்டு, "சரியா இருக்கும், கட்டிக் குடுங்க" என்று ஒரு நம்பர் பெரியதாக வாங்கி வந்துவிடுகிறவன். கையில் எப்போதும் மெலிந்த ஒரு நவீன கவிதைத் தொகுப்பு இருக்கும். எதிரில் ஆள் வந்தால் அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம். கவிதையின் பயன்களில் இதை யாரும் எழுதியதில்லை.

அண்ணன் அந்தக் கட்டிடத்துக்கு வந்தது இருபதாவது வயதில், துணிக்கடைக்கு. எட்டு வருடம் கழித்து துணிக்கடைக்காரர் சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது, சாவியை இவர் கையில் கொடுத்து, "புது ஆள் வந்தா குடுத்துடு" என்றார். புது ஆள் ஸ்டுடியோக்காரர். சாவியை வாங்கியவர் ஷட்டரைத் தூக்கப் பார்த்தார், வரவில்லை. அண்ணன் இடது முழங்காலால் ஓர் இடி இடித்துத் தூக்கிக் காட்டினார். மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டார், காட்டினார். மழை வந்தால் எங்கே ஒழுகும் என்று கேட்கவில்லை, அதையும் காட்டினார். சாயங்காலம் பார்த்தால் அண்ணன் ஸ்டுடியோவில் திரை கட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அதுவே அந்தக் கட்டிடத்தின் வழக்கமாகிவிட்டது. போகிறவர் சாவியை அண்ணனிடம் கொடுப்பார், வருகிறவர் சாவியோடு அண்ணனையும் வாங்கிக்கொள்வார். ஒருவரும் அவரை வேலைக்கு வா என்று கூப்பிட்டதில்லை. வாடகை ஒப்பந்தத்தில் மின்விசிறி எத்தனை, குழல்விளக்கு எத்தனை என்றெல்லாம் இருக்கும். அண்ணன் இருக்க மாட்டார்.

தொழில் மாறினாலும் கை மாறவில்லை. செல்போன் உறை கேட்டு வருகிறவரின் தோள்மேல் உறையை வைத்து, சட்டை நிறத்துக்கு ஒத்துப்போகிறதா என்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். அது துணிக்கடை. பில்லை நீட்டும்போது "முகத்தை லேசாத் தூக்குங்க" என்பார். அது ஸ்டுடியோ. ஆள் வாசலில் கால் வைத்த உடனே காலைத்தான் பார்ப்பார். "அந்தச் சட்டைக்காரர் இருக்காரே..." என்று நான் ஆரம்பித்தால், "யாரு, ஒம்பதாம் நம்பரா? வலது பெருவிரல் நீட்டா இருக்குமே?" என்பார்.

கட்டிடத்திலும் ஒரு கோளாறு உண்டு. அது இடது பக்கமாகச் சாய்ந்தது. கீழே விழுந்தது எதுவானாலும் இடது மூலையில்தான் கிடைக்கும். ஸ்டுடியோ காலத்தில் படம் பிடித்துக்கொண்ட ஊர்க்காரர்கள் எல்லோரும் அடையாள அட்டையில் யாரிடமோ ரகசியம் கேட்பதுபோல இடது பக்கம் சாய்ந்திருப்பார்கள். என் அப்பாவின் அட்டையிலும் அப்படித்தான். அவர் ரகசியம் கேட்கிற ஆளே இல்லை.

செல்போன் கடைக்காரர் கடையைக் காலிசெய்து, முன்பக்கச் சட்டம், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போன மறுநாள், சித்தப்பா மேல் அறைக்கு வந்தார்.

"கீழ பல் டாக்டர் வர்றாங்கடா. சின்ன வயசுப் பொண்ணு, கெட்டிக்காரி. முன்னாடி முழுக்கக் கண்ணாடி போடப்போறாங்க."

"சரிங்க சித்தப்பா."

"அந்த மருந்துக்கடைக்காரரு வேணாமாம்."

நான் கவிதைத் தொகுப்பை மூடி வைத்தேன்.

"பல் ஆஸ்பத்திரிக்கு சேல்ஸ்மேன் எதுக்கு? என்ன, பல்லை எடுத்து விரிச்சா காட்டப் போறாரு? அவங்க கேக்கறது நியாயம்தான். நீ பக்குவமா சொல்லிடு."

"நானா?"

"மேனேஜர் யாரு?"

எட்டு மாதத்தில் அந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

போகிறபோது இன்னொரு வேலையும் கொடுத்தார். கண்ணாடிக்காரர் பக்கத்து ஊரில் இருக்கிறார், ஒரு நடை மிச்சம், வாசலை நீயே அளந்து அனுப்பிவிடு. "படிச்ச பையன், அளக்கத் தெரியாதா?" என்றார். இரண்டில் இது சுலபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியம் அண்ணனிடம் சொல்லிவிடுவது என்று கீழே இறங்கினேன். வெறும் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தார். குப்பையெல்லாம் தானாகவே இடது மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"தம்பி, ஒரு விஷயம் சொல்லணும்."

வேலை விஷயம்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். ஐம்பத்தேழு வயது. மகள் நர்ஸ் படிப்பில் கடைசி வருடம். என்னைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று கேட்கப்போகிறார். கேட்டால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். பிறகு சித்தப்பாவிடம் யார் சொல்வது?

"அவசரமா ஒரு வேலைண்ணே, வந்துடறேன்" என்று செருப்பு சரக்சரக்கென்று அடிக்க நடந்துவிட்டேன். எனக்கு அவசரமாக ஒரு வேலை இருந்ததாக அந்தத் தெருவில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் அவர் மாடிப்படியில் இரண்டு படி ஏறி, "தம்பி, அந்த விஷயம்..." என்றார். நான் காதில் போனை வைத்துக்கொண்டேன். போன் அணைந்து கிடந்தது. மூன்றாம் நாள் கடிதமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'உங்களை இனி' என்று தொடங்கினேன், முரட்டுத்தனமாக இருந்தது. அடித்துவிட்டு 'கதவுகள்' என்று எழுதினேன். அரை மணியில் கதவுகள், நிழல், ஒரு பறவை எல்லாம் வந்துவிட்டன. வேலை இல்லை என்ற விஷயம் மட்டும் வரவில்லை. படித்துப் பார்த்தால் நன்றாகவே இருந்தது. அதுதான் இன்னும் கேவலம். கிழித்துப் போட்டேன்.

வாசலை அளந்ததும் இப்படித்தான். அண்ணன் டீ குடிக்கப் போகிற பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று கீழே ஓடினேன். டேப்பின் ஒரு முனையை வலது சுவரோரம் வைத்து, அது நகராமலிருக்க மேலே கவிதைத் தொகுப்பை வைத்தேன். இழுத்துக்கொண்டு இடது சுவருக்குப் போனேன். தரையில் பதினோரு அடி. உயரம் எட்டு. கண்ணாடிக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன், பேசத் தேவையில்லாத சௌகரியத்துக்காக. 'மேல, நடுவுல, கீழ மூணு எடத்துலயும் அளந்தீங்களா' என்று பதில் வந்தது. தூரத்தில் அண்ணன் தெருவைக் கடந்து வருவது தெரிந்தது. கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு மாடிக்கு ஓடினேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சிறிய பொய் அது. ஒரே ஒரு விரல்.

ஏழாம் நாள் ஞாயிறு. வீட்டில் வைத்துச் சொன்னால் நாகரிகமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அவர் இருக்க மாட்டார் என்று தெரிந்துதான் அந்த நேரத்துக்குப் போனேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவர் மனைவி தையல் மெஷினிலிருந்து எழுந்து, "வாங்க தம்பி, உக்காருங்க" என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். ஒரு பக்கம் காலை வைக்கச் சரிவாக இருந்தது. செருப்புக்கடை முக்காலி.

அந்த வீட்டில் பழைய கடைகள் இருந்தன. உள்ளறைக்குத் திரையாக, ஸ்டுடியோவில் பின்னால் கட்டும் அருவிப் படம் தொங்கியது. உள்ளே போன அக்கா அதை விலக்கிக்கொண்டு அருவிக்குள்ளிருந்து வந்தார். சமையலறைச் சுவரில் மருந்துக்கடையின் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், அண்ணன் கையால் எழுதி ஒட்டிய சீட்டுகளோடு அப்படியே இருந்தன. 'இருமல்' என்ற இழுப்பறையில் மிளகு. 'காய்ச்சல்' மிளகாய். எனக்கு காபி கலக்க அக்கா 'வயிற்றுப்போக்கு'க்குள்ளிருந்து இரண்டு ஸ்பூன் சர்க்கரை எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமைன்னா வீட்ல இருக்கலாம்ல? காலையில எந்திரிச்சதும் போய் அந்த ஷட்டரைத் தொட்டுப் பாத்துட்டு வந்தாத்தான் இவருக்குச் சோறு எறங்கும்" என்றார். "என்னைக் கட்டிக்கிட்டு முப்பது வருசம். அதைக் கட்டிக்கிட்டு முப்பத்தேழு வருசம். அவதான் மூத்தவ."

"ஆமாங்கக்கா."

"பல் டாக்டர் வர்றாங்களாமே? இவரும் புதுச் சட்டை தைக்கச் சொல்லியிருக்காரு, வெள்ளையில." மெஷினில் பாதி தைத்த சட்டை ஒன்று கிடந்தது. "அந்தக் கட்டிடம் இல்லேன்னா இவரை யாரு தம்பி சேத்துப்பா? வேற ஒண்ணும் தெரியாதே இந்த மனுசனுக்கு. நீங்க எதுக்கு வந்தீங்க, ஏதாவது சொல்லணுமா?"

"காபி நல்லா இருக்குங்கக்கா" என்றேன். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தது போல.

பதினோராம் நாள் கண்ணாடி வந்தது. கூடவே டாக்டரும் சித்தப்பாவும் வந்தார்கள். கண்ணாடிக்காரருக்கு ஒரு கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. அவர் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையால் ஆட்களை ஏவினார். சட்டத்தோடு கண்ணாடியைத் தூக்கி வாசலில் நிறுத்தினார்கள். கீழே கச்சிதமாகப் பொருந்தியது. நான் சித்தப்பாவைப் பெருமையாகப் பார்த்தேன். அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே, இடது பக்கத்தில், என் கை நுழைகிற அளவுக்கு வானம் தெரிந்தது.

"இரண்டரை அங்குலம்" என்றார் கண்ணாடிக்காரர், வீங்காத வாயால். "செவுரு வெளிய சாஞ்சிருக்கு. மேல அளந்தீங்களா இல்லியா?"

நான் கவிதைத் தொகுப்பைத் திறந்தேன்.

"உலையில போட்டு எடுத்த கண்ணாடிங்க இது. ஒரு நூல்கூட வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. மூணு எடத்துலயும் அளந்தீங்களான்னு கேட்டதுக்கு, இவரு கட்டைவெரலைக் காட்டுறாரு!"

"நாளைக்கழிச்சு ஆரம்பிக்கணும்ங்க நான்" என்றார் டாக்டர். "பேஷண்டுக்கெல்லாம் நேரம் குடுத்தாச்சு."

"டேய்!" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான் சொன்னார். மூன்று கடை தள்ளி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

அப்போது உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "கொஞ்சம் தள்ளிக்குங்க." பரணிலிருந்து ஒரு நீளக் கட்டையைத் தோளில் சுமந்து கொண்டுவந்தார். எட்டடி இருக்கும். ஒரு முனை இரண்டரை அங்குல அகலம், மறுமுனை கத்திபோல மெலிந்தது. அதைச் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து, உள்ளங்கையால் நாலு தட்டு தட்டினார். வானம் மறைந்தது.

"எல்லாக் கடைக்கும் இதான் முட்டு. செல்போன்காரர் சட்டத்தைக் கழட்டுனப்ப எடுத்து மேல போட்டு வெச்சேன். புது பெயிண்ட் ஒண்ணு அடிச்சிட்டாப் போதும்."

கட்டையின் ஓரத்தில் ஓர் இடம் சிராய்ந்திருந்தது. ஆரஞ்சு, அதற்கடியில் வெள்ளை, அதற்கடியில் பழுப்பு, கறுப்பு, எல்லாவற்றுக்கும் கீழே துணிக்கடையின் நீலம். முப்பத்தேழு வருடமும் ஒரு நகத்தின் கனத்துக்கு வந்திருந்தது. இதைக் கவிதையாக எழுதலாமே என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் அது தோன்றியதற்காக என்னை நானே ஓங்கி அறைந்திருக்கலாம்.

"இதை ஏன்யா முன்னாடியே சொல்லல?" என்றார் சித்தப்பா.

"தம்பிகிட்டச் சொல்லத்தான் பதினோரு நாளா அலையறேன். நிக்கவே மாட்டேங்கறாரே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அண்ணே..." என்றேன். "நான் நெனச்சேன், நீங்க வந்து... அந்த வேலை விஷயமா..."

"அதுவா?" அவர் கையைத் தட்டித் தூசியை உதறினார். "உங்க சித்தப்பா பேசினா தெருக்கோடி வரைக்கும் கேக்கும் தம்பி. மொத நாளே தெரியும். வீட்லதான் இன்னும் சொல்லல. வேலை போறது உங்க கையில இல்ல, அதைக் கேட்டு என்ன ஆவப்போவுது? அளவு உங்க கையில இருந்துச்சு. அதான் சொல்ல வந்தேன்."

சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து டாக்டரிடம் நீட்டினார். "இந்தாங்கம்மா. ஷட்டரு தூக்கறப்ப இடது முழங்காலால ஒரு இடி இடிக்கணும்." டாக்டர் சாவியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதாவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. கண்ணாடியில் இல்லாத ஒரு கறையைத் துடைத்தேன்.

அண்ணன் கிளம்பியவர், வாசலில் நின்றுவிட்டார். கண்ணாடிக்காரரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டாம் நம்பர்தானே?"

"என்னது?"

"உக்காருங்க." மூலையில் மிச்சமிருந்த ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலை உள்ளங்கையில் வாங்கினார். "குதிகால் ரெண்டும் வெளிப்பக்கமாத் தேயுது பாருங்க. ராத்திரில தூங்கலியா?"

"எங்கங்க தூங்கறது? நாலு நாளா இந்தப் பல்லு..."

"கடைசிப் பல்லா?"

"ஆமா. ஊசி போடுவாங்கன்னு பயந்துகிட்டே போவல. வீட்ல சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? சும்மா அந்த நாற்காலியில சாஞ்சு பாருங்க, ஊசியெல்லாம் இல்ல. கண்ணாடி நேரா நிக்குதான்னு அங்கேர்ந்து பாத்தாத்தான் தெரியும்."

உள்ளே முந்தின நாள் பொருத்திய பல் நாற்காலியில் கண்ணாடிக்காரர் சாய்ந்தார். கண்ணாடியைப் பார்த்தார். அண்ணன் அங்கேயும் அவர் காலை விடவில்லை. டாக்டர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "வாயைத் திறங்க, பாக்க மட்டும்தான்" என்றார். திறந்தார். அவரது ஆட்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் நான்கு நாளாக யார் சொல்லியும் திறக்காத வாய் அது.

"செருப்புக்கடையில கத்துக்கிட்டதுங்கம்மா" என்றார் அண்ணன், ஏதோ தப்புச் செய்தவர்போல. "காலைப் புடிச்சா ஆளு பயத்தை மறந்துடுவான்."

டாக்டர் கையுறையோடு நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தார். "இவர் வேண்டாம்னு சொன்னேன்ல, தெரியாமச் சொல்லிட்டேன். எனக்கு இவர் வேணும்." பிறகு பையிலிருந்து சாவியை எடுத்து அண்ணனிடமே திரும்பக் கொடுத்தார். அண்ணன் அதை வாங்கிப் பைக்குள் போட்டு, பையின்மேல் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை நான் வழக்கம்போல மாடிப்படியில் கால் வைத்தேன். "தம்பி" என்று கூப்பிட்டார். வெள்ளைச் சட்டையில், கண்ணாடிக்குப் பின்னால் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டியம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "செல்போன்கார அண்ணே, நமக்கு எப்பப்பா கூப்பிடுவாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை நான் ஓடவில்லை.

"உக்காருங்க. உங்க சித்தப்பா பேசினாரு. நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாமாம், மேனேஜர் வேலையையும் என்னையே பாத்துக்கச் சொல்லிட்டாரு. டீ சொல்லட்டுமா?"

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். நடுவில் கதவு, நிழல், பறவை எதுவும் வரவில்லை.

"இவ்வளவுதானாண்ணே?"

"வேறென்ன?" என் காலைப் பார்த்தார். "ஏழாம் நம்பர் காலுக்கு எட்டு போட்டிருக்கீங்க. அதான் எங்க நின்னாலும் நழுவி நழுவி ஓடுறீங்க. நல்லதா ஒண்ணு போட்டுப் பாத்து வாங்குங்க தம்பி."

டீயைக் குடித்துவிட்டு, தொகுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினார்.

"என்ன மேனேஜர் சார், சீக்கிரமே கெளம்பிட்டீங்க?"